நிமிர்த்திய குழாய்

இடுப்பு வலியோடுதான் தனபாலன் சென்ட்ரலில் இறங்கினான். ராத்திரி முழுக்கக் கக்கூஸ் ஓரம் டூல்ஸ் பெட்டிமேல் குந்திக்கொண்டு வந்ததால் வந்த வலி இல்லை. இதற்கு மூன்று வாரம் வயசு. நிமிர்ந்தால் இடது பிட்டத்திலிருந்து முழங்கால்வரை சுண்டி இழுத்தது. குனிந்தால் மூச்சு அடைத்தது. ஒரு பக்கம் சாய்ந்து நடந்தால் தாங்க முடிந்தது. அப்படியே சாய்ந்து நடந்து, பஸ் ஏறி, லஸ்ஸில் இறங்கினான். மணி ஏழுகூட ஆகவில்லை, அதற்குள் ரோடு சுட்டது. பத்து வாரம் நீலகிரியில் கம்பளிக்குள் கிடந்த உடம்பு ஒரே நிமிஷத்தில் நனைந்துவிட்டது.

தனபாலன் ஈக்காட்டுத்தாங்கலில் குழாய் வளைக்கும் பட்டறையில் பிட்டர். ஆஸ்பத்திரிக் கட்டில், ஏணி, நாற்காலிச் சட்டம் எல்லாம் அவன் கையில் வளைந்து போகும். மலைக்குப் போனது அவன் இஷ்டத்துக்கு இல்லை. மாட வீதியில் சுப்பராமன் என்ற ரிட்டயரான பேங்க் மேனேஜர் வீட்டில் அவன் பெண்டாட்டி புஷ்பம் ஆறு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறாள். அவருடைய ஒரே பிள்ளை அச்யுத், இருபத்தாறு வயசு. நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஹேங் கிளைடர் என்று ஒன்றை, வெளிநாட்டுக்காரன் ஒருவன் ஓட்டிப் பழசாக்கியதை வாங்கி வைத்திருந்தான். அலுமினியக் குழாய்களை மாட்டி அதன்மேல் துணி இழுத்துக் கட்டிய பெரிய இறக்கை. அதற்கடியில் மனுஷன் குப்புறத் தொங்கிக்கொண்டு மலை உச்சியிலிருந்து ஓடிக் குதிக்க வேண்டும். சீசன் முழுக்க மலையில் தங்கப் போகிறேன், குழாய் வேலை தெரிந்த ஆள் ஒருத்தர் கூட வேண்டும் என்று அச்யுத் கேட்டபோது, புஷ்பம்தான் புருஷன் பெயரைச் சொன்னாள். பட்டறை முதலாளி முத்துகிருஷ்ணன் லீவு கொடுத்தார். மார்ச் மாசம் கிளம்பியவன், மே கடைசியில் திரும்பி வருகிறான். அச்யுத்தை ஒரு வாரம் முன்னாடியே ஆம்புலன்ஸ் வண்டியில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். தங்கியிருந்த கொட்டகையைக் காலி பண்ணவும் மிச்ச சாமானை லாரியில் ஏற்றவும் தனபாலன் மட்டும் அங்கே நின்றான்.

கால்வாய்க் கரையோரம் ஆறு குடித்தனம் உள்ள வரிசை வீட்டில் நாலாவது வீடு அவனுடையது. சந்து முனையில் தண்ணி லாரி நின்றது. குடங்களின் வரிசையில் புஷ்பம் நின்றிருந்தாள். அவனைப் பார்த்தாள், வரிசையை விட்டு வரவில்லை. விட்டால் இன்றைக்குத் தண்ணி இல்லை. கன்னத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சாவி ஜன்னல்ல கீது" என்றாள்.

பக்கத்து வீட்டுக் கமர் ஜஹான் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வா தனபாலு. உன்னைப் பத்திதான் தெரு பூரா பேச்சு. ஐயரு ஊட்டுப் புள்ளைய மலை மேலேந்து தூக்கினு வந்தியாமே? கோணிக்கினு நடக்குறதப் பாத்தாலே தெரியுது. ஊட்டுல பொண்டாட்டி ஒரு கொடம் தூக்கச் சொன்னா ஒதவ மாட்டான் மனுசன், அங்க போயி ஆளையே தூக்கியிருக்கான்."

வரிசையில் சிரித்தார்கள். தனபாலனும் சிரிக்கிற மாதிரி வாயைக் காட்டிவிட்டு உள்ளே போனான்.

தூக்கியது உண்மைதான். அச்யுத் விழுந்த இடம் சீகைமரத் தோப்புக்குக் கீழே ஒரு சரிவு. வண்டி வராது. கொட்டகைக் கதவைக் கழற்றிக்கொண்டு போய் அதன்மேல் அச்யுத்தைக் கிடத்தி, கயிற்றால் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். இறங்குகிற பக்கத்து முன்மூலை தனபாலனுடையது. கனம் முழுக்க அந்த மூலைக்குத்தான் வரும். ஒன்றரை மைல். மற்ற மூன்று பேர் மூலை மாற்றிக்கொண்டார்கள். தனபாலன் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றச் சொன்னபோது சத்தம் போட்டான். அதை அந்த மூன்று பேரும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, அது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சுப்பராமன் காதுக்குப் போய், அங்கிருந்து மயிலாப்பூருக்கும் வந்துவிட்டது.

புஷ்பம் மூன்று நடை தண்ணி கொண்டு வந்து ஊற்றிவிட்டு, பழைய சோற்றைப் பிழிந்து போட்டு, நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்தாள். கருவாட்டு வாசனைக்குப் பத்து வாரமாக ஏங்கியவன்தான். மலையில் வேகாத அரிசியும் உருளைக்கிழங்கும் பன்னும்தான். இப்போது ஒரு வாய்க்கு மேல் எடுக்கவில்லை.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பெண் ஷண்முகப்ரியாவுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது, நல்ல மார்க். காலேஜ் அப்ளிகேஷனெல்லாம் சுப்பராமன் சாரே பூர்த்தி செய்து, பிரின்சிபாலைப் பார்த்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போதுகூட அந்த வீட்டில்தான் இருக்கிறாள், போட்டோ ஒட்ட.

"அந்த மாமி இன்னா பண்ணாங்க தெரியுமா? ஆறு வருசமா பின்கட்டுத் தாண்டி உள்ள போனவ இல்ல நான். கூடத்துல நாற்காலி போட்டு ஒக்கார வச்சி, அவங்க கையால காபி கொணாந்து குட்த்தாங்க. 'உன் ஆம்படையான் இல்லேன்னா எனக்குப் புள்ளை இல்லே'ன்னு என் கையப் புட்ச்சிக்கினு ஒரே அழுவை. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்ச்சி."

தனபாலன் தட்டை நகர்த்தினான்.

"இன்னா, துன்னலியா?"

"இடுப்பு நோவுது. அப்பால துன்றேன்."

அவனைக் குப்புறப் படுக்கச் சொல்லி, தைலத்தைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, இடுப்பில் வைத்து அழுத்தினாள். முகம் பாய்க்குள் இருந்ததால் சொல்ல முடிந்தது. நேரில் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டான்.

அந்த இறக்கைக்கடியில் கையால் பிடித்துத் திருப்ப முக்கோணமாக ஒரு சட்டம் உண்டு. அதன் இரண்டு பக்கக் குழாய்கள்தான் தரையில் இறங்கும்போது அடிபடும். கொஞ்சம் தப்பாக இறங்கினாலும் வளைந்துவிடும். வளையட்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். குழாய் வளைந்தால் மனுஷன் எலும்பு தப்பிக்கும். அச்யுத் பத்துக் குழாய் உபரியாகக் கொண்டு வந்திருந்தான். முதல் குழாய் வளைந்த அன்றைக்கே சொல்லிவிட்டான், வளைந்ததைத் தூக்கிப் போட்டுடுங்கோ, திரும்பத் தொடக்கூடாது என்று. தனபாலனும் தலையை ஆட்டினான். ஆனால் ஈக்காட்டுத்தாங்கலில் எவனும் குழாயைத் தூக்கிப் போட மாட்டான். லாரியடியில் நசுங்கின கட்டில் கால்கூட மறுநாள் நேராக நிற்கும். அதுதான் வேலை, அதற்குத்தான் பிட்டர். நல்ல வெளிநாட்டுக் குழாய், ஒரே ஒரு வளைவு, அதைக் குப்பையில் போடுவதா?

வாரத்துக்கு ஒரு தரம் அரிசி வாங்க டவுனுக்கு இறங்குவான். அங்கே ஒரு வெல்டிங் கடை. ஐந்தாவது வாரம் வளைந்த குழாய் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். உள்ளே மணலை இறுக்கி அடைத்து, இரண்டு பக்கமும் கட்டை அடித்தான். வளைந்த இடத்தில் சலவை சோப்பைத் தேய்த்து நெருப்புக் காட்டினான். சோப்பு கருத்தால் அலுமினியம் இளகிவிட்டது என்று கணக்கு. பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தி, கடைக்காரனின் ஜன்னல் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தான். நூலிழை தள்ளாட்டம் இல்லை. எமரித் தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினான். வெல்டிங்காரன் வாங்கிப் பார்த்துவிட்டு, புதுசா என்று கேட்டான். அந்தக் கேள்வியைத் தனபாலன் நாலு நாள் மனசுக்குள் வைத்துச் சந்தோஷப்பட்டான். குழாயைப் புதுக் குழாய்கள் இருந்த பையில் அடியில் வைத்தான்.

ஏழாவது வாரம் வியாழக்கிழமை காலையில் கடைசிக் குழாயும் வளைந்தது. அச்யுத் சிரித்துக்கொண்டே, சீசன் முடிஞ்சுது தனபால், மூட்டை கட்டலாம் என்றான். காற்று அன்றைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. பையன் முகம் வாடியது தனபாலனுக்குத் தெரிந்தது. இன்னும் ஒண்ணு கீது தம்பி என்றான். எண்ணினேனே, தீர்ந்துபோச்சே என்றான் அச்யுத். பைக்கு அடியில கெடந்துச்சு என்றான் தனபாலன். குழாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான் அச்யுத். ஒன்றும் தெரியவில்லை. தெரியாதபடிதான் தனபாலன் வேலை செய்திருந்தான்.

"பையன் சந்தோசத்துக்கு மட்டும் சொல்லலடி," என்றான் பாய்க்குள். "நான் நிமித்துனது பறக்குமான்னு பாக்க ஆச. அதான்."

நெருப்புக் காட்டிய இடத்தில் குழாய் சத்து போய்விட்டது. நேராக நின்றதே தவிர உள்ளே வெண்ணெய். காற்று ஒரு தரம் தூக்கி அடித்தபோது அந்த இடத்தில் மடங்கியது. முறியவில்லை, வாழைத்தண்டு மாதிரி மடங்கியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த தனபாலன் அதைப் பார்த்தான். முதலில் குழாய் மடங்கியது, பிறகுதான் இறக்கை இடப்பக்கம் சரிந்தது. மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தான் அச்யுத். தொடை எலும்பும் இடுப்பெலும்பும் உடைந்தன. விழுந்ததில் எல்லாக் குழாயும் நொறுங்கியதால் எது முதலில் போனது என்று யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலமே தனபாலன் அந்தத் துண்டை ரம்பத்தால் அறுத்து எடுத்துப் பழைய இரும்புக் கடைக் குவியலில் எறிந்துவிட்டான்.

புஷ்பத்தின் கை நின்றுபோயிருந்தது.

"யாருக்குத் தெரியும்?"

"உனுக்குத்தான்."

புஷ்பம் தைலப் பாட்டிலை மூடினாள். மூடி சரியாக உட்காராமல் இரண்டு மூன்று தரம் திருகினாள்.

"திங்கக்கெழம நேரா போயி சார் கிட்ட சொல்லிடப் போறேன்" என்றான்.

"சொல்லு. சொன்னா நீ லேசாயிடுவ. நானு? காலையில அந்த ஊட்டு வாசல்ல எந்த மூஞ்சிய வச்சிக்கினு நிப்பேன்? நான்தான்யா உன் பேரச் சொன்னேன். உன் பொண்ணு அப்ளிகேசன் அவரு மேசை மேல கீது." குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். "அதுவும் வுடு. அந்தப் புள்ள பொழச்சிக்கினானா இல்லியா? ஆறு மாசத்துல நடப்பான்னு டாக்டரு சொல்லிட்டாரு. அப்பறம் இன்னாத்துக்கு?"

தனபாலன் எழுந்து கருவாட்டை மூடி வைத்தான்.

வேலை அவனுக்கு முன்னாடியே வந்து காத்திருந்தது. அச்யுத் கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை பிடித்துக்கொண்டு நடக்கச் சுவரோரம் ஒரு கைப்பிடிக் குழாய் வேண்டும். கட்டிலுக்கு மேலே பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார ஒரு கம்பி தொங்க வேண்டும். தனபால்தான் செய்யணும், வேற யார் செஞ்சாலும் எனக்கு நம்பிக்கை இல்லே என்று சுப்பராமன் சொல்லிவிட்டிருந்தார்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனான். முத்துகிருஷ்ணன் தன் பங்குக்குக் குழாயைச் சும்மாவே தருகிறேன் என்றார். அந்த வட்டாரம் முழுக்க லேத் ஓடும் சத்தத்தில் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். தனபாலனுக்கு அந்தச் சத்தம் அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றேகால் அங்குலக் குழாயை வளைக்கும் மெஷினில் கொடுத்து, உடம்பு கனத்தைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தான். இடுப்பு கிழிந்தது. முதல் வளைவில் உள்பக்கம் லேசாகச் சுருங்கிவிட்டது. விரலால் தடவினால்தான் தெரியும். கழற்றிக் குப்பைக் குவியலில் எறிந்தான். அடுத்ததிலும் ஏதோ இருந்த மாதிரி பட்டது. அதையும் எறிந்தான்.

பக்கத்து மெஷினில் இருந்த நாகராஜ் எழுந்து வந்து இரண்டையும் பொறுக்கிப் பார்த்தான்.

"இன்னா மச்சி, ஊட்டிக்குப் போயி தொர ஆயிட்டியா? ரெண்டு தட்டு தட்டுனா நேராயிடும். தூக்கிப் போடுற?"

"போட்டா போட்டதுதான். வையி."

"ஐய. யாரு, நீயா? மூணு வருசம் முன்னாடி நான் ஒரு சாண் துண்டப் போட்டதுக்கு என் மூஞ்சில காறித் துப்பாத கொறையா பேசுன ஆளு நீ."

தனபாலன் அவன் கையிலிருந்து குழாயைப் பிடுங்கி, காலால் மிதித்து நாலாக மடித்து, திரும்பக் குவியலில் போட்டான். நாகராஜ் தன் மெஷினுக்குப் போய்விட்டான். கைப்பிடி செய்து முடிக்க மூன்று நாள் ஆனது. அரை நாள் வேலை.

வியாழக்கிழமை மத்தியானம் ஆட்டோவில் குழாய்களைக் கட்டிக்கொண்டு மாட வீதிக்குப் போனான். கூடத்தில் ஊஞ்சலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். அச்யுத்தின் ஒரு கால் முழுக்கக் கட்டு. தாடி வளர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் மார்புக்கு மேலே தூக்கி, ஏதோ பிடித்த மாதிரி விரல்களை மடக்கி, வலப்பக்கம் தள்ளினான். இறக்கினான். திரும்பத் தூக்கி, திரும்பத் தள்ளினான். தனபாலன் வாசல் நிலையிலேயே நின்றுவிட்டான்.

"நாள் பூரா இப்படித்தான்," என்றாள் மாமி. தணிந்த குரல். "வாப்பா. மொதல்ல காபி சாப்பிடு. மத்ததெல்லாம் அப்பறம்."

காபியை வெள்ளி டம்ளரில் கொடுத்தாள். தனபாலன் அந்த வீட்டில் பின்கட்டுக் குழாயைச் சரி பண்ண வந்த நாட்களில் அவனுக்கென்று ஒரு கண்ணாடி டம்ளர் கிணற்றடி மாடத்தில் இருக்கும். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. சூடாக ஒரே மடக்காக விழுங்கினான்.

சுப்பராமன் கிணற்றடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். அளவு எடுக்கிற மாதிரி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தனபாலன் அவரிடம் போனான். புஷ்பம் அங்கே இல்லை. சாயங்காலப் பாத்திரத்துக்கு நாலு மணிக்குத்தான் வருவாள். அதைப் பார்த்துத்தான் இந்த நேரத்துக்கு வந்திருந்தான்.

சொன்னான். பாய்க்குள் சொன்ன மாதிரி நீளமாக வரவில்லை. வளைந்த குழாயை நிமிர்த்தியது, சோப்பு, நெருப்பு, பைக்கு அடியில் கிடந்தது என்று பொய் சொன்னது, கீழேயிருந்து பார்த்தது, அறுத்து எறிந்தது. சுப்பராமன் பேங்க்கில் கேட்டுப் பழகியவர். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் தூக்கிப் போடச் சொல்லியிருந்தானா?"

"சொல்லியிருந்தாரு சார்."

சுப்பராமனின் கை மேலே எழுந்தது. அறையப் போகிறார் என்று தனபாலன் கண்ணை மூடி, முகத்தைக் கொடுத்தபடி நின்றான். அறை விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளித் தன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்தது. வேட்டி நனைந்தது. அப்புறம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். தனபாலன் போலீஸை நினைத்தான், பெண்ணின் அப்ளிகேஷனை நினைத்தான், இனிமேல் எது வந்தாலும் சரி என்று நினைத்தான். நாலு வாரத்தில் முதல் தடவையாக இடுப்பு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது.

"வேற யார்கிட்ட சொன்னே?"

"என் சம்சாரம் கிட்ட."

"அவனுக்குத் தெரியாதே?"

"இல்ல சார். இப்போ போயி சொல்லிட்றேன்."

"வேண்டாம்."

தனபாலனுக்குப் புரியவில்லை. சுப்பராமன் கூடத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"நாலு வருஷம். அவன் ஒவ்வொரு தரம் கிளம்பிப் போறச்சேயும் அவன் அம்மா சுவாமி ரூம் கதவைச் சாத்திண்டு உக்காந்துடுவா. நான் சொல்லாத சொல் இல்லே. கால்ல விழாத குறை. கேக்கலே. போன புதன்கிழமை அவனே சொல்றான், 'அப்பா, என் கைக்குத்தான் லாயக்கில்லே. லேட்டாத் தள்ளிட்டேன். இனிமே அந்தப் பக்கம் போகமாட்டேன்'னு. அவ அன்னிக்குத்தான் ஒழுங்கா ஒரு வாய் சாதம் சாப்பிட்டா." முகத்தைத் துண்டால் துடைத்தார். "குழாய்தான் போச்சு, உன் கை போகலேன்னு நீ சொன்னேன்னு வை. கட்டுப் பிரிச்ச மறுநாள் அவன் புதுக் குழாய் வாங்கிண்டு மலை ஏறிடுவான். ஏறுவானா இல்லையா? பத்து வாரம் கூட இருந்திருக்கே, நீயே சொல்லு."

ஏறுவான் என்று தனபாலனுக்குத் தெரியும். வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும்.

"அதுக்காவ பொய் சொல்ல சொல்றீங்களா சார்?"

"பொய் சொல்லச் சொல்லலே. சும்மா இருங்கறேன். நீ பண்ணினதுக்கு நான் உன்னைப் போலீஸ்ல குடுக்கணும். குடுக்க மாட்டேன். மனசாரச் சொல்றேன், உன் பொண்ணு காரியமும் நிக்காது. உன்னண்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்." எழுந்து வந்து, எண்ணெய்க் கறை படிந்த அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என் புள்ளை கீழயே இருக்கட்டும்ப்பா."

அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது தனபாலனுக்கு.

கூடத்துக்கு வந்து வேலையைத் தொடங்கினான். சுவரில் துளை போட்டு, மரக்கட்டை அடித்து, கைப்பிடிக் குழாயைப் பாத்ரூம்வரை திருகி முடித்தான். ஒவ்வொரு திருகையும் முடித்தபிறகு தன் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். சுண்ணாம்புத் தூள் தலையெல்லாம் விழுந்தது. மாமி நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏணி போட்டு ஏறி, ஊஞ்சல் கொக்கிகளில் சங்கிலி மாட்டி, அதில் கம்பியைத் தொங்கவிட்டான். கட்டிலில் படுத்தவன் கை நீட்டினால் எட்டும் உயரம்.

அச்யுத் அதைப் பிடித்தான். இரண்டு கையாலும், தோள் அகலத்துக்கு. பிடித்த மாத்திரத்தில் அவன் முகம் மாறியது. கம்பியை லேசாக ஆட்டினான். சங்கிலி முனகியது.

"சரியா அதே அளவு போட்டிருக்கேள் தனபால்."

தனபாலன் யோசித்துப் போடவில்லை. கைப் பழக்கத்தில் இறக்கைச் சட்டத்தின் அளவு வந்துவிட்டிருந்தது.

"இப்படி வாங்கோ. பக்கத்துல நில்லுங்கோ. நீங்கதான் கீழேர்ந்து பாத்தேள், வேற சாட்சி எனக்கு இல்லே." கம்பியைப் பிடித்தபடியே பேசினான். "இடது பக்கம் சரிஞ்சுது. நான் உடம்பை வலது பக்கம் தள்ளினேன். இப்படி. எனக்கு உடனே தள்ளின மாதிரிதான் இருக்கு. தூங்கி எழுந்தா லேட்டாத் தள்ளின மாதிரி இருக்கு. ஒரு நாளைக்கு இருநூறு தரம் தள்ளிப் பாக்கறேன். எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்கு. ஆறுதலுக்காக எதுவும் சொல்ல வேண்டாம். நான் உடனே தள்ளினேனா, லேட்டா?"

மாமி எழுந்து நின்றாள். சுப்பராமன் பின்கட்டுக் கதவில் ஈர வேட்டியோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், எப்போது வந்தாளோ, துடைப்பத்தோடு புஷ்பம். மணி நாலாகியிருந்தது. சும்மா இருந்தால் போதும் என்று சொன்னார் சார். சும்மா இருக்கிற இடம் எதுவும் மிச்சமில்லை. வாயைத் திறக்காமல் நின்றாலும் அதைப் பையன் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்வான்.

தனபாலன் ஏணியை மடக்கினான். மடக்கிச் சுவரில் சாத்தினான். திரும்பினான்.

"லேட்டுதான் தம்பி."

"எவ்வளவு?"

"ஒரு நொடி இருக்கும்."

அச்யுத் தலையை ஆட்டினான். அழவில்லை. கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தான். அது தலைக்கு மேலே கொஞ்ச நேரம் ஆடி நின்றது.

"நினைச்சேன்," என்றான். "அம்மா, லாரில வந்த மிச்ச சாமானையெல்லாம் யார் கேட்டாலும் குடுத்துடு. எனக்கு அதைப் பாக்க வேண்டாம்."

மாமி அடுப்பங்கரைக்குப் போனாள். அங்கிருந்து மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றும் சத்தம். சுப்பராமன் தனபாலன் பக்கமே பார்க்காமல் உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டார். புஷ்பம் பாத்திரங்களை இழுத்துப் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். அவன் டூல்ஸ் பெட்டியோடு கிணற்றடியைத் தாண்டும்போது தலை நிமிராமல், "ராவைக்கு இன்னா ஆக்கட்டும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் ஒரு நிம்மதி இருந்தது. அது அவனுக்குக் கேட்டது. ஒன்றும் வேண்டாம் என்றான்.

செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து அச்யுத் கூப்பிட்டான்.

"தனபால், ஞாயித்துக்கிழமை வரேளா? சும்மா வந்து பேசிண்டு இருங்கோ. மத்தவா எல்லாரும் எனக்குப் பொய் சொல்றா. நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொல்றேள்."

"வரேன் தம்பி" என்றான் தனபாலன்.

போனான். அந்த ஞாயிறும் போனான், அடுத்த ஞாயிறும் போனான். ஷண்முகப்ரியாவுக்கு இடம் கிடைத்தது. அச்யுத் கைப்பிடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை நடந்தான், அப்புறம் வாசல்வரை, தீபாவளிக்குப் பிறகு வேலைக்கும் போகத் தொடங்கினான். அந்த வீட்டில் யாரும் தனபாலனுக்கு எதுவும் பாக்கி வைக்கவில்லை. பாக்கி அவன் பக்கம் இருந்தது. உன் கை நேரத்துக்குத்தான் போனது, என் குழாய்தான் முதலில் மடங்கியது என்று அச்யுத்திடம் சொல்ல வேண்டிய ஒரு பேச்சு. அதை அவன் இன்னும் கொடுக்கவில்லை.